சுமைதாங்கி நின்ற நிலம்

ரப்பர் விலை விழுந்து, சின்னத் தோட்டக்காரர்கள் பலர் கையிலிருந்ததை விற்றுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கப் போன சமயத்தில், கிள்ளானுக்குத் தெற்கே நான்கு ஏக்கர் நிலம் வாங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் பாதி வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொல்லி வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கேட்டிருந்தார். நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியன். கிள்ளானிலிருந்து ரயிலில் ஆபீசுக்குப் போய்வரலாம் என்று கணக்குப் போட்டேன்.

நிலம் லங்காட் ஆற்றை நோக்கிப் போகும் சாலையில் இருந்தது. வெட்டுத் தழும்பு ஏறிய கிழட்டு ரப்பர் மரங்கள், சில தென்னைகள், நடுவில் கட்டைக் கால்களின் மேல் நின்ற பலகை வீடு. கொல்லையில் ஒரு கிணறு, அதைச் சுற்றிக் காப்பிச் செடிகள் கவனிப்பாரில்லாமல் மரமாக வளர்ந்து கிடந்தன. சாலைக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால், அதைத் தாண்ட ஒரு பலகை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சாலையோரமாக, மார்பளவு உயரத்தில் இரண்டு செங்கல் தூண்கள் நின்றன. அவற்றின் மேல் குறுக்கே ஒரு கருங்கல். கல்லின் மேற்புறம் நடுவில் தேய்ந்து பள்ளமாக இருந்தது. சாலையைப் பார்த்த பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு எழுத்து வெட்டுவதற்காகக் கொத்தி மழமழப்பாக்கி வைத்திருந்தார்கள். எழுத்து எதுவும் இல்லை.

முதல் தடவை என் மனைவியை அழைத்துக்கொண்டு போனபோது அவள் வீட்டைப் பார்க்கவில்லை. கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது சுமைதாங்கி இல்ல?"

"ஆமா. தலைச்சுமை இறக்கி வைக்கிறது. நல்லதுதானே, சாலையில போறவங்களுக்கு."

"எதுக்குக் கட்டுவாங்கன்னு தெரியுமா, தெரியாத மாதிரி பேசுறீங்களா?"

தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காகக் கட்டுவது. அவள் இறக்கி வைக்காமலே போன சுமையை ஊரார் இறக்கி வைத்துப் போகட்டும் என்பது எண்ணம். தமிழ்நாட்டில் சாலைக்குச் சாலை பார்த்திருக்கிறேன். இங்கே இது ஒன்றைத்தான் பார்த்தேன்.

என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். எங்கள் முதல் பிள்ளை பிறந்த வாரத்திலேயே போய்விட்டது. அவளுக்குத் தாய் இல்லை, பிறந்த வீடு என்று போக இடமில்லை. பிள்ளைப்பேறு இந்தப் பலகை வீட்டில்தான் என்று முடிவாகியிருந்தது. அவள் வாய்க்காலைத் தாண்டவில்லை.

"யாருன்னு தெரியணும். எந்த ரூம்புல, எப்படிப் போனான்னு தெரியணும். தெரியாம இந்த வீட்டுல நான் பாய் போடமாட்டேன்."

"நிலத்துக்குப் பத்திரம் இருக்கு. பத்திரத்துல ஆள் இருக்கும். ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுடலாம்" என்றேன். பத்திரிகையில் இருப்பவனுக்கு வரும் நம்பிக்கை அது.

கிள்ளான் லேண்ட் ஆபீசில் பதிவேடுகளுக்குப் பொறுப்பாக இருந்த பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீர் பேப்பரிலை எழுதிறனீரோ? எங்கட கந்தோரைப் பற்றி ஒண்டும் எழுதிப் போடாதையும்."

"சொந்த விஷயமாக வந்தேன். என் நிலத்தில் முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்."

"ஆர் வைச்சிருந்தவை எண்டு பார்க்கலாம். ஆர் இருந்தவை எண்டு இதிலை வராது."

அப்போது அதை ஒரு கிராணியின் வழக்கமான பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். பதிவேட்டைப் பின்னாலிருந்து முன்னாலாக வாசித்தேன். எனக்கு விற்ற சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், கிள்ளானில் மளிகைக் கடைக்காரர். நிலத்தில் ஒரு நாளும் குடியிருக்காதவர். அவருக்கு முன்னால் ஒரு ஜாவாக்காரர். அவருக்கு முன்னால் ஒரு தமிழர், தொழில் மாட்டுவண்டி. அவருக்கு முன்னால், நிலம் துண்டாக்கப்படாத காலத்தில், முழுப் பரப்பும் ஸ்காட்லாந்துக்காரத் துரை ஒருவர் பெயரில் இருந்தது.

துரையைப் பற்றித்தான் அதிகக் காகிதம் இருந்தது. காப்பி போட அனுமதி கேட்டது, வாய்க்கால் வெட்ட அனுமதி கேட்டது, வரியைத் தள்ளிக் கொடுக்கும்படி கேட்டது. ஒரு நில வரைபடமும் இருந்தது. அதில் என் வீடு நிற்கும் இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டுக் காப்பிக் கிடங்கு என்று எழுதியிருந்தார்கள். காப்பி விலை போனதும் துரை நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பதிவேட்டில் நிலம் கைமாறியதும் ஆளும் முடிந்துவிடுகிறார். கப்பலேறிப் போனாரா, இங்கேயே ஏதாவது ஒரு கல்லறையில் கிடக்கிறாரா என்று அந்தப் புத்தகத்துக்குக் கவலையில்லை.

மாலையில் வீடு திரும்பியதும் என் மனைவி ஒரே கேள்விதான் கேட்பாள். "பொம்பளை யாராச்சும்?"

"இல்லை. எல்லாம் ஆம்பளை."

"ஆம்பளைங்க மட்டும் ஒரு வீட்டுல இத்தனை வருஷம் இருந்தாங்களாக்கும்."

பிறகு இறப்புப் பதிவுகளைப் பார்க்க அனுமதி வாங்கினேன். வண்டிக்காரர் நிலத்தை வைத்திருந்த வருடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் மனைவி என்று யாராவது வருகிறாளா, அந்த நிலத்தின் எண் வருகிறதா என்று பார்த்தேன். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். தோட்டத்துக் கூலி லயம், ரயில்வே லயம், ஆஸ்பத்திரி என்று இடம் போட்டிருந்தது. ஒரு வரியில் 'தமிழ்ப் பெண், இடம்: சாலை' என்று மட்டும் இருந்தது. என் நிலத்தின் எண் எங்கும் இல்லை. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜாவாக்காரர் உயிரோடு இருந்தார். எங்கள் சாலையிலேயே இன்னும் உள்ளே தள்ளி, கம்பம் என்று சொல்லும் ஒரு மலாய்க் கிராமத்தில் மகன் வீட்டில் இருந்தார். சுமைதாங்கியைப் பற்றி மலாயில் கேட்டேன். தான் வாங்கும்போதே அது இருந்தது என்றார்.

"தமிழர்கள் வைத்தது என்று தெரியும். எதற்கென்று தெரியாது. தேங்காய்க் கூடையை வைக்க நல்ல உயரம்."

அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அந்த அம்மாவைச் சொல்லுங்கள். விளக்கு வைக்க வருவாளே."

வருடத்துக்கு ஒரு தடவை ஒரு தமிழ்ப் பெண் வருவாளாம். கையில் எண்ணெய், திரி, வெற்றிலை. கூட ஒரு சின்னப் பெண் குழந்தை. கல்லின் மேல் விளக்கை ஏற்றி, அது அணையும்வரை வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாளாம். சில வருடங்களுக்குப் பிறகு வருவது நின்றுவிட்டது.

கிள்ளான் ஸ்டேஷனுக்குத் திரும்பி வருவதற்குள் என் மனத்தில் செய்தி தயாராகிவிட்டது. வண்டிக்காரருக்கு முதல் மனைவி. வீட்டில் பிள்ளைப்பேற்றில் இறந்தாள். இரண்டாம் மனைவி வந்தாள். முதல் மனைவியின் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மூத்தவளுக்கு விளக்கு வைத்தாள். எல்லாத் துண்டும் பொருந்தியது. அன்றிரவு சாப்பிடும்போது அதை அப்படியே சொன்னேன்.

என் மனைவி சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டாள். "அப்ப வீட்டுக்குள்ளதான்."

"அப்படித்தான் தெரியுது."

"சரி. நான் பிரசவத்துக்கு ரவாங்குக்கு என் தம்பி வீட்டுக்குப் போறேன். அப்புறமும் அங்க வருவேனான்னு இப்ப கேக்காதீங்க."

தம்பிக்கு ரவாங்கில் ஒரே அறை. அதில் அவன், மனைவி, மூன்று பிள்ளைகள். இது அவளுக்கும் தெரியும்.

மறு வாரம் மறுபடி லேண்ட் ஆபீசுக்குப் போய், வண்டிக்காரர் ஜாவாக்காரருக்கு விற்றபோது எழுதிய பத்திரத்தைக் கேட்டேன். அதில் விற்பவரின் விலாசமாக, கோலாலம்பூருக்கு வடக்கே செந்தூலில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் விசாரிக்கப்போவதாக வீட்டில் சொன்னேன்.

"நானும் வரேன்."

"இந்த வயித்தோட எதுக்கு? கேட்டு வந்து சொல்றேனே."

"நீங்க கேட்டுட்டு வந்து எழுதி எடுத்துச் சொல்லுவீங்க. எனக்கு அவங்க வாயால கேக்கணும்."

செந்தூலில் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் ஒரு தேநீர்க் கடையில் வழி கேட்டோம். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரை நிறுத்தாமல், "மாட்டுக்காரம்மா வீடா? பாலுக்கா, சண்டைக்கா அண்ணே?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சண்டைக்குன்னா நாளைக்கு வாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அவங்களுக்கு ஓய்வு."

மாட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். உயரமான பெண். கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் காலமாகிவிட்டார் என்றும், தான் அவர் மனைவி என்றும் சொன்னார். என் மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொல்லைப் பக்கம் திரும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார். "பாய் எடுத்துட்டு வாடி! வயித்துப்புள்ளக்காரி நிக்கிறா."

முப்பது வயதுக்குக் குறைவான ஒரு பெண் பாயைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள். மகள் என்று முகம் சொல்லியது.

நான் மெதுவாகச் சுற்றி வளைத்துக் கேட்க ஆரம்பித்தேன். பேட்டி எடுக்கும் பழக்கம். என் மனைவி குறுக்கே புகுந்தாள். "பெரியம்மா, அந்தச் சுமைதாங்கி உங்க மூத்தாளுக்கு வச்சதா?"

"யாருக்கு?"

"உங்க வீட்டுக்காரரோட மொத சம்சாரத்துக்கு."

மாட்டுக்காரம்மா புண்ணாக்குக் கையோடு நிமிர்ந்தார். "எவன் சொன்னான்? எங்க வீட்டுக்காரருக்கு நான் ஒருத்திதான். என்னை வச்சுக் காலந்தள்ளவே அந்த மனுசன் தவிச்சுப் போனாரு, இதுல ரெண்டு பேரா?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கொட்டகைப் பக்கம் பார்த்தேன்.

"அப்ப அது யாருக்கு?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். சொன்னதை முடிந்தவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மத்தியான நேரம். நான் கழனித்தண்ணி கலக்கிட்டு இருக்கேன். சாலையில ஒரு பொண்ணு தலையில மூட்டையோட நிக்கிறா. மூட்டையில சட்டி பானை, துணி, கொஞ்சம் அரிசி. 'அக்கா, கொஞ்சம் இறக்கி விடுங்க'ன்னா. இறக்கி விட்டேன். கிள்ளான்ல ரயிலை விட்டு எறங்கி அங்கேர்ந்து நடந்தே வரா. வழியில எங்கயும் இறக்கவே இல்லையாம். 'ஏன்டி, இந்த வயித்தோட?'ன்னேன். 'இறக்கினா யாரு அக்கா மறுபடி தூக்கி விடுவாங்க? வந்ததெல்லாம் ஆம்பளைங்க. கூப்பிட பயமா இருந்துச்சு'ன்னா."

"எங்க போறதுக்கு?"

"கேரி தீவுக்கு. அங்க காடு வெட்டித் தோட்டம் போட்டுக்கிட்டு இருந்த சமயம். புருஷன் அங்க இருக்கான்னு தேடிட்டுப் போறா. உள்ள வாடின்னா வரமாட்டேங்குறா. ஈரக்காலோட வீட்டை அசிங்கம் பண்ணிடுவேனாம். கையைப் பிடிச்சு இழுத்து, அந்தக் கிழக்குப் பார்த்த ரூம்புல படுக்க வச்சேன். கஞ்சி குடிச்சா. பொழுது சாய வலி வந்திருச்சு. மாசம் ஆகல. மருத்துவச்சி வந்து பாத்துட்டு, இது என் கையில இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுட்டா. எங்க வீட்டுக்காரரு வண்டியைப் பூட்டினாரு. நான் மடியில தலையை வச்சுக்கிட்டேன். போற வழியிலேயே முடிஞ்சு போச்சு."

இடம்: சாலை. நான் அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பியிருந்தேன்.

"புருஷனுக்குச் சொல்லி அனுப்பலையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"யாருன்னு சொல்லி அனுப்புறது? புருஷன் பேரு என்னடின்னு எத்தனை தரம் கேட்டேன் தெரியுமா? பேரைச் சொல்லலாமாக்கான்னு சிரிக்கிறா. வலி வந்த பிறகும் சொல்லலை. மயில் மேல இருக்கிறவரு பேருன்னா. சரின்னு நானும் விட்டுட்டேன். அப்ப அவ சாவான்னு யாரு நினைச்சா? நானும் என் புருஷன் பேரை இதுவரைக்கும் வாயால சொன்னதில்லையே. அது எனக்கு வித்தியாசமாத் தெரியலை."

வண்டிக்காரர் சம்பான் படகில் தீவுக்குப் போய்த் தோட்டத்து ஆபீசில் கேட்டாராம். கிராணி பெயர் கேட்டார். மயில் மேல் இருப்பவருக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனை பெயரிலும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவனாக வந்து, தன் மனைவி ஊரில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"அவ வர்றது அவனுக்கே தெரியாதோ என்னவோ" என்றார் மாட்டுக்காரம்மா. "எங்க வீட்டுக்காரரு திரும்பி வந்து ரெண்டு நாள் வண்டியே பூட்டலை. மூணாம் நாள் செங்கல் கொண்டாந்து இறக்கினாரு. மேல போட்ட கல்லு, துரையோட காப்பிக் கெடங்கு வாசப்படி. சும்மாதானே கெடந்துச்சு."

கல்லின் நடுவிலிருந்த பள்ளம் நினைவுக்கு வந்தது. சுமைகள் தேய்த்தது என்று நினைத்திருந்தேன். காப்பி மூட்டை தூக்கியவர்களின் கால்கள் தேய்த்தது.

"எழுத்து வெட்ட இடம் விட்டிருக்கிறீர்களே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரையும் சேர்த்து வெட்டலாம்னு விட்டோம். இன்னாரு பொஞ்சாதின்னு. வெறும இவ பேரை மட்டும் போட்டா, யாருமத்தவன்னு ஆகிடாதா? அவ யாருமத்தவ இல்லை. புருஷனைத் தேடி வந்தவ."

"இப்போதுகூட பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டுப் பார்க்கலாம், அம்மா."

"என்னன்னு போடுவீங்க, பேப்பர்காரரே? 'பேர் தெரியாத புருஷன் உடனே வரவும்'னா?"

என் மனைவி சிரித்தாள். இந்த நிலம் வாங்கிய பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். பிறகு கொஞ்ச நேரம் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். அவள் கேட்க வந்தது இன்னும் பாக்கி இருந்தது.

"பெரியம்மா, அப்புறம் அந்த ரூம்புல படுக்க உங்களுக்கு பயமா இல்லையா?"

"பயமா? ஆறு மாடு, ரெண்டு வண்டி, ஒரு மாமியார். பயப்பட எனக்கு நேரம் எங்க இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு, என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு தாயி. அப்ப எனக்கும் ரெண்டு மாசம். யாருக்கும் சொல்லலை. அவ தலையை மடியில வச்சுக்கிட்டு இருந்தப்ப அதுதான் என் நெனப்புல ஓடுச்சு. பயம் இல்லாம இருக்குமா? இருந்துச்சு. ஆனா வேற ரூம்பு ஏது? அதே ரூம்புலதான் படுத்தேன், அதே ரூம்புலதான் பெத்தேன். உனக்குப் பாய் போட்டாளே, அவதான்."

"அவங்க பேரையாச்சும் சொன்னாங்களா? செத்துப் போனவங்க பேரை?"

"அவ பேரைச் சொல்ல என்ன தடை? சொன்னா. நீ வந்ததுலேர்ந்து அதைக் காதால கேட்டுட்டுத்தானே இருக்க." மாட்டுக்காரம்மா கொல்லைப் பக்கம் திரும்பி அந்தப் பெயரை மறுபடியும் கத்தினார்.

மகள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, சும்மா சும்மா எதுக்குக் கூப்பிடுற?"

"ஒண்ணும் இல்லை, போ."

விளக்கு வைக்க இவளைத்தான் கையில் பிடித்துக்கொண்டு போவாராம். மூட்டுவலி வந்த பிறகு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. லோரி வந்த பிறகு வண்டியும் இல்லை.

புறப்படும்போது ஒரு செம்பு பாலைக் கொடுத்துக் குடிக்கவைத்த பிறகுதான் விட்டார்.

ரயிலில் என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ரவாங்கா, கிள்ளானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருமுனைக்கு வந்ததும் அவள் சட்டென்று நின்றாள்.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன் பாருங்க."

"என்ன?"

"அந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகுமான்னு."

மறு மாதம் வீட்டைக் காலி செய்தோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து லோரி வைத்துச் சாமான்களை ஏற்றினோம். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டிய உப்பையும் மஞ்சளையும் ஒரு மண்பானையில் போட்டு, என் மனைவி வழியெல்லாம் தானே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். லோரி நின்றதும் இறங்கி, என் கையை உதறிவிட்டு, நேரே சுமைதாங்கிக்குப் போனாள். பானையைக் கல்லின் பள்ளத்தில் வைத்தாள். அகல் விளக்கை ஏற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். செந்தூலில் கேட்ட பெயரைச் சொன்னாள், எனக்குக் கேட்கும் அளவுக்கு. பிறகு கைகூப்பிக் கண்ணை மூடி நின்றாள்.

நான் லோரிக்காரனோடு கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தேன். சாலையில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி விறகுக் கட்டோடு வந்தாள். தினமும் அந்த வழியாக வருபவள் போலிருக்கிறது. சுமைதாங்கிக்கு முன்னால் வந்து நின்றாள். என் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. விறகுக்காரி ஒரு கால் மாற்றி நின்றாள், பிறகு மறுகால்.

"அக்கா, சாமி கும்பிட்டாச்சுன்னா பானையைக் கொஞ்சம் எடுங்கக்கா. கழுத்து ஒடியுது."

என் மனைவி திடுக்கிட்டு விளக்கை ஓரத்துக்கு நகர்த்தினாள், பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள், மறு கையை விறகுக் கட்டுக்குக் கொடுத்தாள். கட்டு கல்லின் மேல் இறங்கியது. என் மனைவி பானையோடு பலகையைத் தாண்டி உள்ளே போனாள்.